ஆடுகளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணம் வந்ததும் எஸ்தர் மதினி கிளம்ப வேண்டும். எங்கள் போடி சபையில் இது யாரும் எழுதி வைக்காத ஒழுங்கு. முதல் சரணத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்போம். காணிக்கைப் பை வரிசை வரிசையாக நகரும். இரண்டாம் சரணத்தில் மதினி பாட்டுப் புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறிவிடுவார். சோறு வடிக்கப் போகிறார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சரணம் முடிந்தது. மதினி என் பக்கத்திலேயே நின்றார். புத்தகம் அவர் கையிலேயே இருந்தது. பாடிக்கொண்டும் இருந்தார், சத்தமாக, சுருதியைப் பற்றிய கவலையே இல்லாமல்.

ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் பொன்னாடையோடு நின்றிருந்த என் அண்ணன் ஐசக் திரும்பிப் பார்த்தார். எஸ்தர் மதினியின் கணவர் அவர்தான். மூன்றாம் சரணத்தின் முதல் அடியில் மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கேள்வி எனக்குத் தெளிவாகப் புரிந்தது. இவள் இங்கே நின்றால் அடுப்பை யார் பார்க்கிறார்கள்?

அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாலைந்து வாரங்களாக இந்தப் பக்கத்தில் அப்பாவையும் சிலமலைப் பள்ளிக்கூடத்தையும் பற்றியே எழுதி வருகிறேன். 'உங்கள் வீட்டில் வேறு யாருமே இல்லையா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அண்ணன் இருக்கிறார், அம்மா. நன்றாகவே இருக்கிறார்.

புகை வராத புகைபோக்கி

போடிமெட்டு தாண்டி மலையில் அண்ணனுக்கு ஓர் ஏலக்காய் ஸ்டோர் உண்டு. ஸ்டோர் என்றதும் வெளியூர்க்காரர்கள் கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். கீழே பெரிய விறகடுப்பு, அறைக்குள் சூட்டுக் குழாய்கள், அதற்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள். சாயங்காலம் தட்டில் பரப்பிய காய்க்கு மறுநாள் வரை ஒரே சீரான அனல் வேண்டும். அனல் குறைந்தால் பச்சை நிறம் வெளுத்துவிடும், கூடினால் காய் வெடித்துவிடும். வெளுத்த காயைப் போடி ஏல மையத்தில் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

இந்த ஸ்டோரை அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் இயக்குவதில்லை. அவருடைய ஆவிக்குரிய வாழ்க்கையின் முதுகெலும்பே அதுதான். சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் மற்றவர்கள் நோய் தீர்ந்ததைச் சொல்வார்கள், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்வார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்தால் ஒரே சாட்சிதான்.

"ஞாயித்துக்கெழம ஏஞ் ஸ்டோருல பொகை வராதுங்கய்யா. மலையில அத்தன ஸ்டோருலயும் வரும். ஏஞ் ஸ்டோருல வராது. நான் கீழ்ப்படிஞ்சேன், கர்த்தர் எங் காய்க்கு நிறத்தக் குடுத்தாரு!"

சபை 'அல்லேலூயா' என்னும். நானும் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது நாம் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

ஒருமுறை, சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏண்ணே, சனிக்கெழம பறிச்ச காய் சனிக்கெழம சாயந்தரம் தட்டுல ஏறுதுல்ல? அதுக்கு ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் அனல் வேணும்ல?"

"அத பாண்டி பாத்துக்குவான்."

"அப்ப பொகை வருமே?"

"பாப்பா," என்றார் அண்ணன். ஐம்பது வயதைத் தாண்டிய என்னை அவர் இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறார். "நானா போடுறேன்? நான் மலையேறுறதே இல்ல. பாண்டி வேற சாமி கும்புடுறவன். அவனுக்கு இந்தக் கட்டளை கெடையாது."

பாண்டி ராசிங்காபுரத்துக்காரர். அண்ணனைவிட மூத்தவர். அவர் வாரம் முழுக்க அனல் பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான். அண்ணன் கர்த்தருக்குக் கீழ்ப்படிந்த நாட்களில் எல்லாம் பாண்டி அண்ணனுக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார். அண்ணன் கீழ்ப்படிதலைக் குத்தகைக்கு விட்டிருந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

அதிலும் அண்ணனுக்கு நிம்மதி இல்லை. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்துக்குள் போனை வைத்துக்கொண்டு, தட்டுகளின் படத்தை வாட்ஸப்பில் வாங்கிப் பார்ப்பார். 'அனலைக் கூட்டு' என்று பிரசங்க நேரத்தில் செய்தி போகும். தலை குனிந்திருப்பதால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அவர் ஊக்கமாக ஜெபிப்பதாகத் தோன்றும்.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் தீப்பொறி பறந்து விறகுக் குவியலில் பிடித்துக்கொண்டது. பாண்டி ஈரச் சாக்கை வீசி, கையைச் சுட்டுக்கொண்டு அணைத்தார். அடுத்த வாரம் அண்ணன் சாட்சி சொன்னார். தான் ஆலயத்தில் இருந்த நேரத்தில் கர்த்தரே ஸ்டோரைக் காத்தார் என்றார். கர்த்தர் காத்தது உண்மைதான். பாண்டியை வைத்துக் காத்தார் என்று சேர்த்துச் சொல்ல நேரம் போதவில்லை போலிருக்கிறது. தீப்பிடித்த மறுநாளே மதினி மஞ்சள் பத்தும் ஒரு புட்டித் தைலமும் ஜீப்பில் கொடுத்தனுப்பியிருந்தார்.

பஸ் ஏறாத வாத்தியார்

இந்த ஞாயிற்றுக்கிழமை வைராக்கியம் அண்ணனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. வழியில் கொஞ்சம் உருமாறிவிட்டது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற மாட்டார். "நான் ஏறுனா எனக்காக ஒரு டிரைவர் ஓட்டணும்ல" என்பார். சிலமலையில் நாங்கள் ஒரே கிறிஸ்தவக் குடும்பம். ஆராதனைக்குப் போடிக்கு நடந்தே வருவோம். எங்களைத் தாண்டிப் போகிற பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கத்துவார்: "வாத்தியாரே, ஏறுங்க! ஒங்க சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்!"

அப்பா கும்பிடு போட்டுவிட்டு நடப்பார். எனக்கு அந்தக் கண்டக்டரை மிகவும் பிடிக்கும். அப்பாவை அந்த நேரத்தில் பிடிக்கவே பிடிக்காது. செருப்புவார் உரசிக் காலில் கொப்புளம் வந்துவிடும்.

ஆனால் ஒன்று, கொப்புளம் அப்பாவின் காலிலும் வந்தது. காலி பஸ் ஓடத்தான் போகிறது, அப்பா ஏறாததால் டிரைவருக்கு ஒரு நிமிட ஓய்வுகூடக் கிடைக்காது. அது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அப்படியும் நடந்தார். அதைப் பார்த்துச் சிரிக்கலாம், பொய் என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்ததும் அம்மா சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைப்பார். எங்களோடு நடந்து போய், எங்களோடு நடந்து வந்தவர்தான் அம்மாவும். முன்பின் தெரியாத டிரைவரின் ஓய்வு அப்பாவின் கண்ணில் பட்டது. அம்மாவுடையது படவில்லை. எங்கள் கண்ணிலும் படவில்லை. பசி.

மதினி பேர் விட்டுப்போனது

எஸ்தர் மதினியைப் பேசாமடந்தை என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகப் பேசுவார். பேசி முடிப்பதற்குள் யாராவது குழம்பு கேட்டுவிடுவார்கள், அதுதான் பிரச்சினை.

ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் போதகரும், சபைக் கமிட்டிக்காரர்களும், வெளியூரிலிருந்து யார் வந்திருந்தாலும் அவர்களும் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. வீடு ஆலயத்துக்கு அடுத்த தெரு. 'விருந்தோம்பல் எனக்குக் கர்த்தர் குடுத்த வரம்' என்பார் அண்ணன். வரம் அவருக்கு, வெங்காயம் உரிப்பது மதினிக்கு. விடியலில் கறி வாங்கி, குழம்பு வைத்து, குளித்து, ஆலயம் போய், கடைசிப் பாட்டில் ஓடிவந்து உலை வைத்துச் சோறு வடிக்க வேண்டும். ஆறின சோறு அண்ணனுக்கு ஆகாது.

இதனால் மதினிக்கு ஒரு நஷ்டம். ஆராதனையின் முடிவில் போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவார். அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் எங்களுக்கு அது வாரம் முழுவதற்குமான கட்டுச்சோறு. பிரசங்கத்தில் தூங்குபவர்கள்கூட அதற்கு விழித்துக்கொள்வார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மதினி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அதை நின்று வாங்கியதில்லை.

"கல்யாண வீட்டுல கேட்டிருக்கேன் பாப்பா" என்று ஒருநாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "அது பொண்ணு மாப்பிள்ளைக்குச் சொல்றது. ஞாயித்துக்கெழம எனக்குன்னு சொல்றப்ப நான் கொழாயடியில நிக்கிறேன்."

சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேத வினாப் போட்டி வைத்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. பத்துக் கட்டளைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டும். மதினி மாவாட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தார். ஓய்வுநாள் கட்டளைக்கு வந்ததும் கிரைண்டரை நிறுத்திவிட்டார். யார் யாரெல்லாம் அன்று வேலை செய்யக் கூடாது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, வீட்டு மிருகங்கள், வாசலுக்குள் இருக்கிற வேற்று ஆள் வரைக்கும் வருகிறது. மனைவி வரவில்லை.

"இதுல என்னயக் காணமே பாப்பா" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் அண்ணனிடமே கேட்டுவிட்டார். அண்ணன் தோசையைப் பிய்த்தபடி சிரித்தார். "ஒன்னயச் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? ஒனக்குச் சோலி இருக்குன்னு அர்த்தம். இன்னொரு தோசை கொண்டா."

மதினி தோசை கொண்டுவந்தார். பாண்டியின் பெயர் அந்த வரிசையில் வேலைக்காரன், வேற்று ஆள் என்று இரண்டு இடங்களில் வருகிறதே என்று நான் கேட்கலாமா என்று பார்த்தேன். அண்ணன் அதற்குள் கை கழுவப் போய்விட்டார்.

மதினி அடுத்ததாகப் போதகரிடம் போனார். எங்கள் போதகர் இளைஞர், நல்லவர், யார் மனதும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: "அப்படியில்லைங்கம்மா. கணவனும் மனைவியும் ஒரே சரீரம். ஐயாவுக்கு என்ன கட்டளையோ, அதுவே உங்களுக்கும். நீங்க தாராளமா ஓய்ந்திருக்கலாம்."

"அப்ப சரிங்கய்யா" என்றார் மதினி.

தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டைத் தானே ரத்து செய்துகொண்டது போதகருக்கு அப்போது தெரியாது.

புறா வந்து உட்கார்ந்த கதை

இந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டோரை ஞாயிற்றுக்கிழமை நிறுத்த ஆரம்பித்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. அதற்கு ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்தால் என்ன? எங்கள் ஆட்கள் வீடு கட்டினால் ஸ்தோத்திர ஆராதனை வைப்பார்கள், வண்டி வாங்கினால் வைப்பார்கள், அறுவை சிகிச்சை முடிந்தால் வைப்பார்கள். சும்மா இருந்ததற்கு வைத்தவர் என் அண்ணன் ஒருவர்தான்.

ஆலய வாசலுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தார். 'ஓய்வுநாள் ஆசரிப்பு வெள்ளி விழா' என்று தலைப்பு. நடுவில் அண்ணன் கைகூப்பி நிற்பார், பின்னால் மலையும் ஸ்டோரும். அடித்து வந்ததைப் பிரித்துப் பார்த்தால், ஸ்டோர் புகைபோக்கியிலிருந்து கருகருவென்று புகை!

"யார்ரா பொகையப் போட்டது?" என்று அண்ணன் போனில் கத்தினார்.

"ஸ்டோருன்னா பொகை இல்லாம நல்லாவாண்ணே இருக்கும்? நானே டிசைன் பண்ணிப் போட்டேன்" என்றான் ஃப்ளெக்ஸ் கடைப் பையன்.

மறுபடி அடிக்க நேரமில்லை. ஒரு வெள்ளைப் புறாவைத் தனியாக அடித்துக் கொண்டுவந்து புகையின் மேல் ஒட்டினார்கள். ஸ்டோர் அளவுக்குப் பெரிய புறா. பரிசுத்த ஆவியானவர் ஸ்டோரின் மேல் இறங்கி வருவது போலவே இருக்கிறது என்று சிலர் மனமுருகிச் சொன்னார்கள்.

மதுரையிலிருந்து பேர்பெற்ற பிரசங்கியார் ஒருவர் வருவதாக முடிவானது. சபை முழுவதற்கும் மதியம் ஆட்டுக்கறி பிரியாணி. எங்கள் சபை சின்னது, அறுபது பேரைத் தாண்டாது. சமையல் மாஸ்டரைக் கூப்பிடலாமே என்றேன்.

"எதுக்கு? எஸ்தர் கைப்பக்குவம் எந்த மாஸ்டருக்கு வரும்?" என்றார் அண்ணன். அவர் மதினியைப் பாராட்டுவது இப்படிப்பட்ட சமயங்களில்தான்.

ஓய்ந்திருந்ததைக் கொண்டாட ஒரு ஓய்வுநாளில் அறுபது பேருக்குப் பிரியாணி. இதில் ஏதோ இடிக்கிறதே என்று கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மெனுவில் தயிர்ப் பச்சடியா, கத்தரிக்காய்த் தொக்கா என்பதில்தான் வாக்குவாதம் வந்தது.

சொல்லிவிட்டுத்தான் செய்தார்

மதினி ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அண்ணன் ஊரெல்லாம் வேறு மாதிரி சொன்னார்.

திங்கட்கிழமை காலையிலேயே, நான் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார்: "இந்தாருங்க, வர்ற ஞாயித்துக்கெழம நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன். ஐயாகிட்டயும் கேட்டுட்டேன். எனக்கும் கட்டளை உண்டாம்."

அண்ணன் ஏலத்துக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். "சரி சரி" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

புதன்கிழமை மறுபடி சொன்னார். அண்ணன் சிரித்தார். வெள்ளிக்கிழமை அண்ணன் இரண்டு கிடாக்களை வாங்கிவந்து கொல்லையில் கட்டினார். "நான் சொன்னது ஞாபகமிருக்குல்ல?" என்று மதினி கேட்டார். "எல்லாம் கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார் அண்ணன். அண்ணன் அகராதியில் இதற்கு அர்த்தம், வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்பது.

சனிக்கிழமை காலையிலிருந்து மதினியும் சங்கத்துப் பெண்கள் மூன்று பேரும் நானும் கொல்லையில் பெரிய பெரிய சட்டிகளில் புளிக்காய்ச்சல் கிண்டினோம். வீடே புளியும் நல்லெண்ணெயும் பெருங்காயமுமாக மணத்தது. சாயங்காலம் சோற்றைக் கிளறி, வாழையிலையில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டினோம். கூடவே பருப்புத் துவையல். அண்ணன் எட்டிப் பார்த்து, "பரவால்ல, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாயந்தர டிபனா?" என்று மெச்சினார்.

"இல்லங்க, நாளை மத்தியானத்துக்கு" என்றார் மதினி.

அண்ணனுக்குப் போன் வந்துவிட்டது. பாண்டி. சனிக்கிழமை லோடு ஸ்டோருக்கு ஏறியாயிற்றாம்.

நான் அன்று அண்ணன் வீட்டில்தான் தங்கினேன். விடிவதற்குள் அண்ணன் குளித்து, பிரசங்கியாரை அழைத்துவரக் காரில் போய்விட்டார். அங்கிருந்து நேரே ஆலயத்துக்குப் போவதாக ஏற்பாடு. அவர் போன கொஞ்ச நேரத்தில், கிடா அறுக்கச் சொல்லியிருந்த காதர் பாய் கத்தியோடு வந்தார். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு வேணாம் பாய். நாளைக்கு வாங்க" என்றார் மதினி.

"இன்னைக்குத்தான விருந்துன்னாரு முதலாளி?"

"விருந்து இன்னைக்குத்தான். ஆனா எங்க வேதத்துல இன்னைக்கு ஆடு மாடுக்கும் லீவு பாய்."

பாய் கிடாக்களைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், வாயில் நுரையோடு நின்ற என்னைப் பார்த்தார். "நல்ல வேதம்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது ஒருமுறை திரும்பியும் பார்த்தார்.

அன்று காலை மதினி ஒன்றுமே செய்யவில்லை. காப்பிகூடப் போடவில்லை, முந்தின நாள் வாங்கிய பன்னைத்தான் தின்றோம். நெடுநேரம் தலைவாரிக்கொண்டார். நல்ல சேலையை எடுத்துக் கட்டினார். வாசல் படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, இங்கருந்து மலை இவ்வளவு தெரியுமா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் வாழ்ந்த வருடங்களை நினைத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, அண்ணன் மேல், அப்பா மேல், ஞாயிறு தவறாமல் அந்த வீட்டில் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு வந்த என் மேலும்.

கைகள் உயர்ந்தபோது

ஆக, ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிட்டேன். மூன்றாம் சரணம். மதினி நின்று பாடுகிறார். அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.

பிரசங்கியார் அன்று கீழ்ப்படிதலைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியிருந்தார். அண்ணனைப் பேர் சொல்லிப் புகழ்ந்திருந்தார். உலகமே ஓடினாலும் ஓடாமல் நிலைத்து நிற்கும் மனிதர் என்று அண்ணனைக் காட்டிச் சொன்னபோது சபை கை தட்டியது.

அந்த நிலைத்து நிற்கும் மனிதர் இப்போது மூன்றாம் சரணத்தின் நடுவில் நெளிந்துகொண்டிருந்தார். மதினியைப் பார்த்துக் கண்ணால் கதவைக் காட்டினார். மதினி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் புருவத்தை உயர்த்தினார். கையை லேசாக அசைத்து, போ போ என்றார். பொன்னாடை நழுவித் தரையில் விழுந்தது.

பாட்டு முடிந்தது. பிரசங்கியார் பீடத்துக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். சபை தலை குனிந்தது.

மதினி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் நின்றால் பூண்டு வாசம் வரும். அன்று சோப்பு வாசம் மட்டும்தான்.

நான் கண்ணை மூடவில்லை. அதனால் பார்த்தேன். ஆசீர்வாதத்தின் முதல் வார்த்தை வந்ததும் என் அண்ணன் ஐசக், வெள்ளி விழா நாயகர், குனிந்த தலைகளுக்கு நடுவே குனிந்தபடி, மதினி வழக்கமாகப் போகும் அதே பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினார்.

ஆசீர்வாதம் முடிந்தது. "ஆமென்" என்று மதினி சொன்னது தனியாகக் கேட்டது. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியிருந்தது. நானும் அழுதேன். அண்ணன் ஓடிய ஓட்டத்தை நினைத்துச் சிரிப்பும் வந்ததால், இருமுவது போல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் நிதானமாகவே நடந்து வீட்டுக்குப் போனோம். கொல்லையில் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகடுப்பின் முன் குந்தியிருந்தார். இரவு மழையில் விறகு நனைந்திருந்தது. கண்ணெல்லாம் கலங்கி, மூக்கில் கரி, சுற்றிலும் தீக்குச்சிகள். இரண்டு கிடாக்களும் தழையை மென்றுகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"மண்ணெண்ணெ இருந்தா ஊத்துங்க மொதலாளி" என்றார் மலையிலிருந்து பாண்டி. "சின்னச் சுள்ளியா அடியில வைங்க. எதுக்கு மொதலாளி நீங்க போய்? இன்னைக்கு ஞாயித்துக்கெழமல்ல?"

மலையில் இத்தனை வருடமாக ஸ்டோர் வைத்திருக்கும் முதலாளிக்கு ஓர் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை. அதற்குள் ஒரு சுள்ளி பிடித்துக்கொண்டது. ஈர விறகிலிருந்து புகை கிளம்பி, சுவருக்கு மேலே எழுந்து, ஆலயத்து வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்கும்படியாகப் போனது.

மதினி குனிந்து, ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினார். "எழுந்திரிங்க. கைகால் கழுவிட்டு வாங்க. சாப்பாடு தயாரா இருக்கு" என்றார். பிறகு போனைப் பார்த்து, "பாண்டிண்ணே, நேத்து ஜீப்புல குடுத்துவிட்ட புளிச்சோறு வந்துச்சா? சாப்பிடுங்க" என்றார்.

பந்தியில் எல்லோருக்கும் வாழையிலைப் பொட்டலம். போதகர் பொட்டலத்தைப் பிரித்து, பிரியாணி இல்லை என்று கண்டு, தான் சொன்ன பதிலை அப்போதுதான் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலை நிமிராமல் சாப்பிட்டார். பிரசங்கியார் ஒரு கவளம் வாயில் போட்டார். "நேற்றே செய்ததா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். அவர் கண்கள் விரிந்தன.

"பார்த்தீர்களா சபையாரே! ஓய்வுநாளில் அடுப்பும் எரியக் கூடாது என்று முந்தின நாளே ஆயத்தம்! ஐசக் ஐயா, இப்படி ஒரு கீழ்ப்படிதலை நான் எங்கேயும் கண்டதில்லை."

அண்ணன் மூக்கில் கரியோடு எழுந்து கைகூப்பினார்.

"எல்லாம் கர்த்தருடைய கிருபைங்கய்யா" என்றார்.

எனக்குத் துவையல் புரையேறியது. மதினி என் தலையில் தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

கூட்டம் கலையும்போது அண்ணன் மதினியின் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஆசீர்வாதத்த விட்டுட்டு ஓட வச்சிட்டியே!"

"திங்கக்கெழமையே சொன்னேன்ல" என்றார் மதினி. சொல்லிவிட்டு இலைகளைத் தாண்டி இரண்டடி நடந்தவர், ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். குரலில் குத்தலே இல்லை, உண்மையாகவே சொன்னார்.

"ஆசீர்வாதம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. அடுத்த வாரம் நீங்களும் கடைசி வரைக்கும் இருந்து வாங்குங்க."